லிஃப்ட் வேண்டாம், சரி, அப்புறம்?

எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் லிஃப்ட் ஓரத்தில் ஒரு பலகை மாட்டியிருப்பார்கள்: ‘தீ விபத்தின்போது லிஃப்டைப் பயன்படுத்தாதீர்கள், படிக்கட்டைப் பயன்படுத்துங்கள்.’ சரியான அறிவுரைதான். ஆனால் மூன்றாவது மாடியில், தொடை எலும்பு முறிந்து, கால்மாட்டில் எடைக்கல் தொங்கப் படுத்திருப்பவர் அதைப் படித்தால் என்ன செய்வார்? அவர் மேலே வந்ததே லிஃப்டில்தான். எதைச் செய்யக் கூடாது என்று பலகை சொல்லிவிட்டது. என்ன செய்வது என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லாமல் விட்ட பாதியைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம். கொஞ்சம் நீளமான விஷயம், ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள்.

2024 டிசம்பர் 12ஆம் தேதி இரவு திண்டுக்கல், திருச்சி சாலையில் ஒரு தனியார் எலும்பு முறிவு மருத்துவமனையில் தீப்பிடித்தது. தீ தொடங்கியது தரைத்தளத்தில். மின்கசிவு என்று சந்தேகித்தார்கள். புகை மேல் மாடிகளுக்கு ஏறியது. ஒரு சிறுமி உட்பட ஆறு பேர் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களை வெளியே தூக்கி வந்தார்கள். ‘பலகையைப் படித்திருந்தால் ஏறியிருக்க மாட்டார்கள்’ என்று சொல்லிவிடுவது சுலபம். எலும்பு முறிவுக்குச் சேர்ந்தவர்களில் எத்தனை பேரால் படி இறங்க முடியும் என்று யோசித்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

லிஃப்ட் ஏன் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தீயில் மின்சாரம் போனால் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிடும். அது ஏறி இறங்கும் குழியோ அடுப்படிப் புகைபோக்கி மாதிரி, கீழே எழும் புகையை நேராக மேலே இழுத்துக்கொள்ளும். உயரமான கட்டடங்களில் தனி மின் இணைப்போடு தீயணைப்பு வீரர்களுக்கான லிஃப்ட் உண்டு. அதை அவர்கள்தான் இயக்க வேண்டும். நம் ஊர் நர்சிங் ஹோம்களில் பெரும்பாலும் இருப்பது சாதாரண லிஃப்ட்.

அலுவலகத்தில் தீப்பிடித்தால் விதி எளிது: எல்லோரும் கீழே இறங்கு, வெளியே நில். ஆஸ்பத்திரியில் அந்த விதி செல்லாது. வென்டிலேட்டரில் இருப்பவரை, ஆபரேஷன் முடிந்து அரை மணி நேரம்கூட ஆகாதவரைப் படி வழியாக இறக்குவதே உயிருக்கு ஆபத்து. அதனால் ஆஸ்பத்திரியில் முதல் நகர்வு கீழே அல்ல, பக்கத்தில். தீ இருக்கும் பகுதியிலிருந்து, நெருப்பையும் புகையையும் ஒன்றிரண்டு மணி நேரம் தடுத்து நிறுத்தும் கதவுக்கு அந்தப் பக்கம், அதே மாடியில் இன்னொரு வார்டுக்கு நகர்த்துவது. அங்கேயும் நிலைமை மோசமானால்தான் கீழே. நல்ல கட்டடத்தில் இந்தத் தடுப்புக் கதவுகள் இருக்கும். காற்று வரட்டும் என்று அதற்கு ஸ்டூலோ காலி ஆக்சிஜன் சிலிண்டரோ முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருப்பதும் நடக்கும். அப்படித் திறந்து கிடக்கும் கதவால் எந்தப் பயனும் இல்லை.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. தீப்பிடித்த நேரத்தில் நோயாளிக்குப் போய்ச் சேர வேண்டிய செய்தி ‘ஓடு’ என்பதல்ல. ‘உங்களை இந்தக் கதவு வழியாக அடுத்த வார்டுக்குக் கொண்டுபோகிறோம்’ என்பது ஒருவருக்கு. ‘கதவைச் சாத்திவிட்டுப் போகிறேன், நீங்கள் இங்கேயே இருங்கள், இன்னார் வருவார்’ என்பது இன்னொருவருக்கு. அலாரத்தால் இதையெல்லாம் சொல்ல முடியாது.

தொழிற்சாலைகள் நெருங்கி நிற்கும் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, எண்ணூர் வட்டாரத்தில் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தபோது, நெடி தாங்காமல் மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். 2025 ஜூலை 13 அதிகாலையில் திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் பற்றி எரிந்தபோது, தண்டவாளத்தை ஒட்டிய வீடுகளில் இருந்தவர்களை வெளியேற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குள் தீ என்றால் நோயாளியை நகர்த்த வேண்டும். வெளியே நச்சுப் புகை என்றால் நகர்த்தாமல், ஜன்னலைச் சாத்தி, ஏசியை அணைத்து உள்ளேயே வைத்திருக்க வேண்டியிருக்கலாம். இரண்டுக்கும் ஒரே சங்கு ஊதினால் கேட்பவர் எதைச் செய்வார்?

அந்தச் சங்காவது எல்லோருக்கும் கேட்கிறதா என்று பார்ப்போம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் உலைகள் உண்டு, ரோலிங் மில்கள் உண்டு, தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்புகள் உண்டு. இங்கே பல வருஷம் ஷிஃப்ட் பார்த்தவரோடு டீக்கடையில் நின்றால் கவனிக்கலாம்: சற்றே சத்தமாகப் பேசுவார், நாம் சொன்னதைத் திரும்பக் கேட்பார். நம் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் இரைச்சல் வரை அனுமதிக்கின்றன. இரைச்சலால் வரும் காதிழப்பு முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சு ஒலிகளை. கட்டைக்குரல் பேச்சு ஓரளவு கேட்டுக்கொண்டே இருப்பதால் தனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று அவரே ஒப்புக்கொள்ள மாட்டார். மாற்றுத்திறனாளி அட்டையும் வாங்கியிருக்க மாட்டார்.

வழக்கமான புகை அலாரம் கத்துவது ஏறக்குறைய 3,000 ஹெர்ட்ஸில். அவருக்குக் கேட்காத அதே கீச்சுக்குரல். வயதானால் காது மந்தமாவதும் இதே மேல்முனையிலிருந்துதான் தொடங்கும். தூங்கிக்கொண்டிருப்பவர்களை வைத்து நடத்திய ஆய்வுகளில், காது மந்தமானவர்களை இந்தக் கீச்சு அலாரத்தைவிட 520 ஹெர்ட்ஸ் கட்டை ஒலி அதிகம் எழுப்பியது. அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 72 என்ற அலாரத் தரநிலை, மக்கள் உறங்கும் அறைகளுக்கு இந்தக் கட்டை ஒலியைக் கேட்கிறது. நம் ஊர் ஆஸ்பத்திரிகள் அலாரம் வாங்கும்போது விலையையும் உத்தரவாதத்தையும் விசாரிக்கிற அதே மூச்சில், ‘எத்தனை ஹெர்ட்ஸில் அடிக்கும்?’ என்றும் விசாரிக்கலாம்.

ஒலியோடு ஒளியும் வேண்டும். அலாரம் அடிக்கும்போது மின்னுகிற விளக்கு கழிப்பறையில், எக்ஸ்ரே அறையில், காத்திருப்புக் கூடத்தில் என்று ஒருவர் தனியாக இருக்கக்கூடிய எல்லா இடங்களிலும் இருக்க வேண்டும். நொடிக்கு இரண்டு தடவைக்கு மேல் அது மின்னக் கூடாது; வேகமாக மின்னினால் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. ஆனால் விளக்கு மட்டும் தூங்குபவரை எழுப்பிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். அதற்குத் தலையணைக்கு அடியில் வைக்கும் அதிரும் கருவி இருக்கிறது. கருவி இல்லாத இடத்தில் தோளைத் தொட்டு எழுப்பும் ஒரு கை போதும். அந்தக் கை யாருடையது என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு சின்னப் பொருளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் காது மெஷினைக் கழற்றச் சொல்வார்கள். கண்ணாடியையும் பல்செட்டையும் கழற்றச் சொல்வார்கள். கூட இருப்பவர் அவற்றை ஒரு கைக்குட்டையில் முடிந்து, கட்டில் பக்கத்து அலமாரியில், பிளாஸ்குக்கும் பிரெட் பாக்கெட்டுக்கும் பின்னால் வைப்பார். பிறகு மருந்துச் சீட்டோடு கீழே போய்விடுவார். அந்தப் பதினைந்து நிமிடம் படுக்கையில் இருப்பவர் கேட்க முடியாதவர், பார்க்க முடியாதவர், தெளிவாகப் பேச முடியாதவர், நடக்க முடியாதவர். காலையில் வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் இருந்தவர்தான். ஆஸ்பத்திரியில் மாற்றுத்திறனாளிக்கான ஏற்பாடு யாரோ நாலு பேருக்கு மட்டும் ஆனதில்லை என்பது இதனால்தான்.

இனிப் பேச்சு. பார்வையில்லாதவரிடம் அவசரத்தில் நம் வாயில் வருவது ‘இந்தப் பக்கம் வாங்க, அங்கே போங்க.’ அவருக்கு எந்தப் பக்கம், எங்கே? முதலில் உங்கள் பெயரையும் வேலையையும் சொல்லுங்கள். என்ன நடக்கிறது என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். அவர் கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். ‘இடது பக்கம் திரும்புகிறோம், ஐந்து படி இறங்குகிறோம், வலது கைப்பக்கம் பிடி இருக்கிறது’ என்று நடந்துகொண்டே சொல்லுங்கள். வெண்கோலை அவரிடமிருந்து வாங்கி ஓரமாக வைக்காதீர்கள்.

காது கேளாதவரிடம் பின்னாலிருந்து கூவிப் பயனில்லை. முன்னால் போய் நின்று தொட வேண்டும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்பவராக இருந்தால் முகக்கவசத்தைச் சற்று இறக்கினால்தான் அவருக்குச் செய்தி போய்ச் சேரும். தீ, கதவு, நகரும் படுக்கை என்று மூன்று படம் போட்ட ஓர் அட்டை நர்ஸ் மேஜையில் இருந்தால், இருட்டில் டார்ச் அடித்துக் காட்டிவிடலாம். அதே அட்டை ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து சிப்காட்டில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கும் உதவும். கை நசுங்கிப் படுத்திருக்கும் அவர்களுக்குத் தமிழ் அறிவிப்பு வெறும் இரைச்சல். இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் தெலுங்கிலும் அரை நிமிட அறிவிப்பைப் பதிந்து வைக்க ஸ்டுடியோ வேண்டாம். அந்த மொழி பேசும் ஒருவரும் ஒரு கைபேசியும் போதும்.

பெரிய ஆஸ்பத்திரிகளில் ‘கோட் ரெட், செகண்ட் ஃப்ளோர்’ என்று ஒலிபெருக்கியில் சொல்லும் வழக்கம் உண்டு. ஊழியர்களுக்குப் புரியும், நோயாளிகள் பீதியடைய மாட்டார்கள் என்பது காரணம். தீ விபத்துகளில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது வேறு. பீதியில் ஓடி மிதிபட்டவர்களைவிட, நிஜமா பொய்யா என்று தெரியாமல் உட்கார்ந்தே நேரத்தைத் தொலைத்தவர்கள் அதிகம். ரகசியக் குறிச்சொல் ஊழியர்களோடு நிற்கட்டும். அதற்கு அடுத்த வாக்கியம் நோயாளிக்குப் புரியும் மொழியில் வந்தாக வேண்டும்.

சொல்லிப் புரியவைக்க முடியாது என்று நாமே முடிவுகட்டியவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிடம் ஒரு மாறாத வடு இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தின் கொட்டகை பற்றி எரிந்தது. 28 பேர் இறந்தார்கள். அவர்கள் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்தார்கள். தீயைப் பார்த்தார்கள், கத்தினார்கள். வழக்கமான கூச்சல் என்று அக்கம்பக்கத்தார் நினைத்துவிட்டதாகச் செய்திகள் வந்தன. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த வழக்கை எடுத்தது. தகவல் தொடர்பு என்பது இரு வழி என்பதை ஏர்வாடி காட்டிவிட்டது. நாம் அவர்களுக்குச் சொல்வது ஒரு வழி. அவர்கள் நமக்குச் சொல்வதை நம்புவது இன்னொரு வழி.

மனநலப் பிரிவிலும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடமும் நடைமுறை இதுதான்: சின்ன வாக்கியம், ஒரு நேரத்தில் ஒன்று, பழகிய முகம். ஆட்டிசம் உள்ள பிள்ளை சைரன் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடலாம். ‘எல்லோரும் வெளியேறிவிட்டார்கள்’ என்று சொல்வதற்கு முன்னால் கட்டிலுக்கு அடியிலும் கழிப்பறையிலும் பார்க்க வேண்டும். பூட்டிய வார்டு என்றால் இரவு ஷிஃப்டில் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இரவு ஷிஃப்ட் என்றதும் கொல்கத்தா நினைவுக்கு வருகிறது. 2011 டிசம்பர் 9 அதிகாலை, அங்கே ஆம்ரி மருத்துவமனையின் அடித்தளத்தில் குவித்து வைத்திருந்த பொருள்களில் தீப்பிடித்து, புகை ஏசிக் குழாய் வழியாக வார்டுகளுக்குள் புகுந்தது. சுமார் 90 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் எழுந்து நடக்க முடியாத நோயாளிகள். கேரளத்தைச் சேர்ந்த இரண்டு இளம் நர்ஸுகள் எட்டு நோயாளிகளை வெளியேற்றிவிட்டு, அடுத்தவரைக் கொண்டுவரப் போனபோது உயிரைவிட்டார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் இரண்டு பெண்களின் துணிச்சலை நம்பி ஒரு வார்டை நடத்துவது நிர்வாகம் ஆகாது.

நிர்வாகம் என்பது இப்படி இருக்கும். நோயாளியை அட்மிட் செய்யும்போது சர்க்கரை, பிரஷர், மருந்து ஒவ்வாமை எல்லாம் கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதுகிறார்கள். அதோடு இன்னும் நான்கு வரி. ‘எழுந்து நடப்பாரா: மாட்டார், இருவர் தூக்க வேண்டும். எப்படிச் சொல்வது: வலது காது கேட்கும், காது மெஷின் அலமாரி மேல் தட்டில். எந்த வழி: கிழக்குக் கதவு, அடுத்த வார்டு. பொறுப்பு: பகலில் இந்த சிஸ்டர், இரவில் அந்த வார்டு பாய்.’ வெளிநாடுகளில் இதற்குத் தனிநபர் வெளியேற்றத் திட்டம் என்று பெரிய பெயர் உண்டு. நமக்கு கேஸ் ஷீட்டின் பின்பக்கம் போதும். ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் மருந்துக் கணக்கோடு சேர்த்து இதையும் ஒப்படைத்துவிட்டால் வேலை முடிந்தது. நோயாளியிடமே கேட்டு எழுத வேண்டும் என்பது முக்கியம். போலியோவில் கால் தளர்ந்தவருக்குத் தன்னை எந்த இடத்தில் பிடித்துத் தூக்கினால் வலிக்காது என்பது எந்த மருத்துவரைவிடவும் நன்றாகத் தெரியும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். மேலே சொன்னவற்றில் தடுப்புக் கதவு, அலாரம், விளக்கு, அதிரும் கருவி தவிர மற்றதற்கெல்லாம் ஆவது காகிதச் செலவுதான். படியில் சறுக்கி இறங்கும் வெளியேற்ற நாற்காலிக்குப் பணம் வேண்டும், உண்மை. அதுவும் வீண்செலவு இல்லை. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 69ஆவது மாடியிலிருந்து, கைகால் செயலிழந்த ஜான் அப்ருஸோ என்ற கணக்கரை அவருடைய சக ஊழியர்கள் அப்படி ஒரு நாற்காலியில் வைத்துக் கீழே கொண்டுவந்தார்கள். 1993இல் அதே கட்டடத்தில் குண்டு வெடித்த பிறகு வாங்கி வைத்த நாற்காலி அது. அதை வாங்க முடியாத சிறிய நர்சிங் ஹோமில், மெத்தை விரிப்போடு நோயாளியைத் தரையில் இழுத்துக்கொண்டு போகும் முறையையாவது ஆயாக்கள், செக்யூரிட்டி உட்பட எல்லோரும் பழகியிருக்க வேண்டும்.

சட்டம் இதையெல்லாம் மறக்கவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, அரசு, தனியார் மருத்துவமனை இரண்டின் எல்லாப் பகுதிகளும் தடையற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. 8ஆவது பிரிவு, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் பதிவேட்டை வைத்திருந்து, ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும் என்கிறது. உலைகளும் எரிபொருள் கிடங்குகளும் ரசாயனக் குழாய்களும் நெருங்கி நிற்கும் திருவள்ளூர் மாவட்டத்தைவிட அந்தப் பதிவேடு அதிகம் தேவைப்படும் இடங்கள் குறைவு. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் வசதிக்கான அடிப்படை விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு வந்து ஐந்து வாரத்துக்குள் திண்டுக்கல்லில் லிஃப்டைத் திறந்து ஆட்களை வெளியே எடுத்தார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம். ஆஸ்பத்திரிகளில் ஒத்திகை நடக்கும். ஆரோக்கியமான ஒரு வார்டு பாய் நோயாளி போலப் படுத்துக்கொள்வார், நாலு பேர் சிரித்துக்கொண்டே தூக்குவார்கள், போட்டோ எடுப்பார்கள். அடுத்த ஒத்திகைக்கு உங்கள் ஊர் மாற்றுத்திறனாளிகள் சங்கத்திலிருந்து சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவர், பார்வையில்லாதவர் ஒருவர், காது கேளாதவர் ஒருவர் என்று அழையுங்கள். உங்கள் திட்டத்தில் எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறது என்று அவர்கள் அரை மணி நேரத்தில் காட்டிவிடுவார்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அம்மாவையோ மாமாவையோ அட்மிட் செய்து அட்வான்ஸ் கட்டியதும், டூட்டி சிஸ்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ராத்திரி தீப்பிடித்தால் இவருக்கு யார் வந்து சொல்வார்கள்? எந்த வழியாகக் கொண்டுபோவார்கள்? அந்தக் கதவு இப்போது திறக்குமா? மூன்றாவது கேள்விக்குப் பதிலை நீங்களே நடந்து போய்ப் பார்த்துவிடுங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால் சண்டை போட வேண்டாம். மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள், நகலை மாவட்டத் தீயணைப்பு அலுவலருக்கு அனுப்புங்கள். பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆள் கேட்பதற்கு முன்னால் லிஃப்ட் ஓரத்துப் பலகையில் இரண்டாவது வரி எழுதிவிடுவார்கள்.